மூன்று சுழி

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
கடந்த ஓராண்டில் பெயரோடு வெளியான
கால்பந்துப் படங்கள் மூன்று இணைக்கவும்.

கோட்டுக்குள் விட்டால்தானே படம்,
படம் வந்தால்தானே அட்டை,
அட்டை இருந்தால்தானே கோட்டுக்குள்.
கூடலூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி
திரும்பத் திரும்ப வாசித்தேன்.
கேள்வி மாறவில்லை.

பேப்பரில் வந்தது என்று என்னிடம் இருந்தது
தேவாலாவில் ரேஷன் கடைக் கதவை உடைத்த யானை.
கீழே, படம்: நமது நிருபர்.
யானைக்கு மட்டும் பெயர் போட்டிருந்தார்கள்.

அசைனார் ஸ்டுடியோவில்
ஐந்து வருஷமாய்க் கல்யாணம் எடுக்கிறேன்.
தாலி கட்டும் கையும் பெனால்ட்டி மாதிரிதான்.
மேளம் உயரும்,
ஒரு மாமாவின் தலை குறுக்கே வரும்,
இரண்டாம் தடவை கிடையாது.
இதை அனுபவம் என்ற கட்டத்தில் எழுதினேன்.
இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

ஸ்டாம்ப் சைஸ் படம் ஒன்று கேட்டார்கள்.
ஊர் முகத்தையெல்லாம் எடுத்தவளிடம்
சொந்த முகம் ஒன்றுகூட இல்லை.
டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய்
நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.
மூச்சு வாங்குவது படத்தில் தெரிகிறது.
அப்படியே ஒட்டிவிட்டேன்.

தோட்டத் தொழிற்சங்க மாத இதழில் போய் நின்றேன்.
"கூலி உயர்வுக்கு நடுவில் பந்தா?" என்றார்
ஆசிரியர் ஜெபமாலை.
பந்தலூர் செவன்ஸ் படங்களை
மேஜையில் ஒவ்வொன்றாய்ப் பரப்பினேன்.
சேற்றில் விழுந்து கிடந்த ஒருவனைத் தொட்டு
"இவன் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட்" என்றார்.
பின்னட்டையில் மூன்றும் வந்தன.
அவருக்கு என் பெயர் சரியாக எழுதத் தெரியும்.

ஏழு வாரம் கழித்து அட்டை வந்தது.
கூடவே ஒரு சட்டைமேல் சட்டை,
எண் முப்பத்தொன்று,
இரண்டு பேர் நுழையலாம்.
இடுப்பில் ஊக்கு குத்தி
நடுவட்டம் வழியாக ஊட்டிக்குப் பஸ் ஏறினேன்.
மடியில் அசைனாரின் லென்ஸ்.
ஞாயிறு முகூர்த்தத்துக்குத் திரும்பிவிட வேண்டும்,
கீறல் விழுந்தால் சம்பளத்தில்.

இத்தனை நாள் மைதானத்தைச் சுற்றி ஓடியவள் நான்.
அட்டை கிடைத்ததும் முதல் உத்தரவு:
"முப்பத்தொன்று, இடத்தை விட்டு நகரக் கூடாது."
சரிதான்.
கண்ணி வைத்தவள் அசையக் கூடாது.

அறுபதாவது நிமிஷம் மூடுபனி இறங்கியது.
அந்தப் பக்க கோல் போனது,
பிறகு நடுவட்டம், பிறகு ரெஃப்ரியின் கால்கள்.
கோவைக்காரர்கள்
பீரங்கி லென்ஸ்களுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டு
டீ குடிக்கப் போனார்கள்.
எனக்கு இது தெரிந்த வெளிச்சம்.
எங்கள் கல்யாணங்கள் பாதி இதில்தான் நடக்கின்றன.

விசில் ஊதி நிறுத்துமுன் ஒரு கணம்,
கோல்கீப்பர் பெள்ளன்
கண்ணை மூடி, தலையைச் சாய்த்து
பந்தைக் கேட்டார்.
புல்லில் அது வரும் சத்தத்தை.
அழுத்தினேன்.

மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் மூன்று பத்தி அகலம்.
கீழே பொடி எழுத்தில்,
படம்: அங்கயற்கன்னி.
ஒரு சுழிதான் குறைவு.
கண்ணைப் பிடுங்கிக்கொண்டு
கன்னியாக்கி விட்டார்கள்.
அசைனார் சிரித்துச் சிரித்து இருமினார்.
லென்ஸைத் துடைத்து வாங்கிக்கொண்டார்.

புதிய சீசன், புதிய விண்ணப்பம்.
ஏழாவது கேள்வியில் இப்போது ஒரு வரி கூடுதல்:
பெயர் ஆதாரோடு பொருந்த வேண்டும்,
இல்லையேல் உறுதிமொழிப் பத்திரம்.

நோட்டரி மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.
"கண்ணியா, கன்னியா? எது நீங்க?"
பேப்பர் கத்தரிப்பை நீட்டினேன்.
பெயர் இருந்த பக்கமே அவர் பார்க்கவில்லை.
முத்திரையைக் கையில் பிடித்தபடி
வெகுநேரம் இருந்துவிட்டு,
"இந்த ஆள் என்ன கேட்கிறான்?" என்றார்.